சவத்தை எடுத்தாச்சா?

கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் ஒரு குணக்கேடு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அதன் பாட்டுக்கு ஓடவிட மாட்டோம். மின்விசிறி சுற்றினால் மற்றவர்கள் அதன் கீழே படுத்துத் தூங்குவார்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்து, இது நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசிப்போம். யோசிப்பதோடு விட்டால் பாதகமில்லை. பக்கத்தில் இன்னொன்றை மாட்டி, முதலாவது நின்றால் இரண்டாவது தானாகச் சுற்றும்படி வயர் இழுப்போம். இழுத்த பிறகு, அது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா? நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் முதலாவதை நாங்களே நிறுத்துவோம்.

கல்லூரி முடித்த புதிதில் எனக்கு இந்த நோய் முற்றிப்போயிருந்தது. அதைக் குணப்படுத்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை கெட்டிக்காரி என்று நினைத்துவிட்டார்கள்.

குழித்துறைச் சந்தைக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில் ஒரு லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. வீட்டுக்கு வீடு டிஜிட்டல் பெட்டி வராத காலம். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் பழைய படம், சாயங்காலம் உள்ளூர்ச் செய்தி. நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், மரண அறிவிப்பு. எங்கள் பக்கத்தில் மரண அறிவிப்பு போடாத சேனலை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். போட்டோவையும் வீட்டுப்பேரையும் எப்போது எடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அங்கே என்னைச் செய்தி வாசிக்கத்தான் சேர்த்தார்கள். என்னுடைய வேகத்தில், செய்தி தொடங்கியதே தெரியாமல் வணக்கம் சொல்லி முடித்துவிடுவேன். அதனால் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டார்கள். படமும் பாட்டும் விளம்பரமும் வரிசையாக அந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் ஊர் முழுக்கவும் சுற்றுவட்டாரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அது நாளுக்கு ஒருமுறையாவது நின்றுவிடும்.

"மக்ளே, சவம் பொறவும் நின்னுட்டு!" என்று கத்துவார் முதலாளி றாபின்சன் அண்ணன்.

(சவம் என்பதை வெளியூர்க்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் எரிச்சலூட்டும் எல்லாமே சவம்தான். ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் சவம். நெல் காயப்போட்ட அன்றைக்குப் பெய்யும் மழை சவம். செத்துப்போன ஆளும் சவம்தான் என்றாலும், அது இரண்டாவது அர்த்தம்.)

அந்த வருடம் சுபா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பல வருடம் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிறகு பொருந்தி வந்த சம்பந்தம். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீடு திற்பரப்பில், அருவிக்குப் போகும் வழியில். குறைச்சலான லீவில் வந்திருந்தார். அதற்குள் தாலி கட்டி, விருந்து தின்று, மறுவீடு போய், திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். இந்த லீவை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான். அதுவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்று கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அம்மாவுக்கு ஒரே பயம். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பதினாறு நாள் புலை, அதாவது தீட்டு. அந்தப் பதினாறு நாளும் தாலி கட்ட முடியாது. மாப்பிள்ளையின் லீவில் பதினாறைக் கழித்தால் மிஞ்சுவது பெட்டி கட்டும் நேரம்தான். அதனால் முகூர்த்தம் குறித்த நாளிலிருந்து, குடும்பத்தில் அறுபது தாண்டிய ஆண்களை அம்மா கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். ஒருத்தரையும் தென்னை மரத்தடியில் நிற்கவிடவில்லை.

அதிலும் தாணுமாலயன் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், எங்களுக்கு அடுத்த வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெரியம்மா இறந்த பிறகு சாப்பாடு எங்கள் வீட்டில்தான். செல்போன் வைத்துக்கொள்ள மாட்டார். "காலம் பூரா டிக்கட் கேட்டு ஆயிரம் பேரு என்னக் கூப்புட்டாச்சு. இனி ஒருத்தனும் கூப்புடாண்டாம்" என்பார். அவர் இருமினால் அம்மா கருப்பட்டிக் காப்பியோடு ஓடுவாள்.

இந்த நிலையில், கல்யாணத்துக்கு நான் லீவு கேட்டேன். றாபின்சன் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது.

"நீ இல்லாத நேரம் சவம் நின்னா யாரு பாப்பாரு? கிங்ஸ்லியா?"

கிங்ஸ்லி அண்ணன் கேபிள் லைன்மேன். கம்பத்தில் ஏறச் சொன்னால் அணில். கம்ப்யூட்டரைக் கொடுத்தால் சீட்டு விளையாடுவார், அதிலும் தோற்றுப்போவார்.

"நிக்காது அண்ணே. நின்னாலும் நிக்காது. நான் ஒரு ஸ்டாண்ட்பை வைக்கேன்" என்றேன்.

விளக்கினேன். முதல் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் இரண்டாவதுக்கு "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு சிக்னல் அனுப்பும். இதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். சிக்னல் நின்றால், மூத்தது போய்ச்சேர்ந்துவிட்டது என்று இரண்டாவது தீர்மானித்து, தானே ஒளிபரப்பை எடுத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "அப்போ மூத்தவன் எப்பச் சாவான்னு எளையவன் காத்துக் கெடக்கான். சொத்துக் கேசு மாதிரி. செரி, எளையவனும் செத்தா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, இரண்டாவதில் இருந்ததை அப்படியே, ஒரு புள்ளி குறையாமல், அதில் பிரதி எடுத்து வைத்தேன். ஸ்டாண்ட்பைக்கு ஸ்டாண்ட்பை. இரண்டையும் ஓர் இரும்பு ரேக்கில் வைத்து, மேசைக்கடியில் சுவரோடு சேர்த்துத் தள்ளி, கிங்ஸ்லி அண்ணன் சீட்டு விளையாடாமலிருக்கக் கீபோர்டையும் மவுஸையும் கழற்றிவிட்டேன். இப்படி ஒரு அமைப்பு சென்னையில்கூட இருக்காது என்று அப்போது பெருமைப்பட்டேன். இருக்காதுதான். அங்கே இருப்பவர்களுக்கு மூளை உண்டு.

பிரதி எடுப்பதற்கு முன்பே, சோதனை செய்ய ஒரு படம் வேண்டியிருந்தது. ஸ்டாண்ட்பைக்கு எந்த வீடியோவும் கிடைக்காவிட்டால் காட்ட ஒரு படத்தை நிரந்தரமாகக் கொடுத்து வைக்க வேண்டும். எங்களிடம் திரை நிறைய அப்படியே நிற்கக்கூடிய தயார் அச்சு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மரண அறிவிப்பு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் போட்டோவுக்கு இடம், கீழே "இறுதிச்சடங்கு இன்று மாலை இல்லத்தில் நடைபெறும்" என்று எப்போதும் இருக்கும் வரி. நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு முகம் வேண்டுமே? அக்கா கல்யாண வாழ்த்து விளம்பரத்துக்காகப் பெரியப்பா ஸ்டூடியோவில் போய் எடுத்துக் கொடுத்த போட்டோ கையில் இருந்தது. கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சிவப்புக் குங்குமம். மூன்று நிறத்தையும் ஒரே இடத்தில் சோதிக்க அதைவிட நல்ல முகம் கிடைக்காது. முதல் கம்ப்யூட்டரில் பெயரையும் வீட்டுப்பேரையும் அடித்து, படமாக்கி ஸ்டாண்ட்பையில் போட்டுப் பார்த்தேன், தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று. அட்டகாசமாக விழுந்தது. அந்தத் திருப்தியில் அதை மாற்ற மறந்துவிட்டேன்.

மறந்தாலும் ஆபத்து வந்திருக்காது. ஸ்டாண்ட்பையில் படம், பாட்டு எல்லாம் இருந்திருந்தால் பெரியப்பா வெளியே வந்திருக்கவே மாட்டார். ஆனால் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, எல்லாப் படங்களையும் முதல் கம்ப்யூட்டரிலேயே வைத்து, ஸ்டாண்ட்பை இரண்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். அதாவது, முதலாவது செத்துப்போனால் அதன் வேலையைச் செய்ய வேண்டியவை, செய்வதற்கான சாமானைச் செத்துப்போன முதலாவதிடமே கேட்கும். இதை இப்போது எழுதும்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானம் அருமனை, குலசேகரம், திருவட்டாறு பக்கத்துக் கேபிள் ஆபரேட்டர்களையெல்லாம் றாபின்சன் அண்ணன் கூப்பிட்டிருந்தார். சாயாவும் பழம்பொரியும் வைத்து, "எங்க பிள்ள ஒரு சாதனம் செஞ்சிருக்கு, பாருங்க" என்றார். டி.வி.யில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் நின்று, கையில் முதல் கம்ப்யூட்டரின் பவர் வயரைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப இந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போகுதுன்னு வச்சுக்கிடுங்க. நேயர்களுக்கு அது தெரியக் கூடாது. பாருங்க."

பிடுங்கினேன்.

நான் செய்து வைத்திருந்த ஸ்விட்ச் பெட்டிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. படம் ஆடவில்லை, கோடு விழவில்லை. இரண்டு குத்துவிளக்குக்கு நடுவே, கறுப்பு வெள்ளை சிவப்பு மூன்றும் துல்லியமாக, பெரியப்பா.

குலசேகரத்துக்காரர் ஒருவர் கைதட்டினார். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் திரும்பி டி.வி.யைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள், எனக்கு.

றாபின்சன் அண்ணன் என் தலையில் கைவைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மக்ளே, ஒனக்க பெரியப்பா போயாச்சா? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? இந்தத் துக்கத்தையும் வச்சுக்கிட்டா வேலைக்கு வந்த?"

அப்போதுதான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே நிலைமையைச் சரிசெய்வதற்காகச் செய்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் கம்ப்யூட்டருக்கு வயரை மறுபடி சொருகினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை வேரோடு பிடுங்கினால் எந்த உயிருக்குத்தான் கோபம் வராது? நீலத் திரையைக் காட்டி, தன் ஹார்ட் டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் சரிபார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சர்க்கார் ஆபீஸ் வேகத்தில் நகரத் தொடங்கியது. ஸ்டாண்ட்பையில் கீபோர்டு இல்லை. மாட்ட வேண்டுமென்றால் ரேக்கை மேசைக்கடியிலிருந்து இழுக்க வேண்டும். ரேக் சுவருக்கும் மேசைக்காலுக்கும் நடுவே இறுகிக் கிடந்தது.

அந்த நேரம் போன் அடித்தது. கிங்ஸ்லி அண்ணன் எடுத்து, "நில்லுங்க, அந்தப் பிள்ளைட்டக் கேட்டுச் சொல்லுகேன்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, எங்களுக்கு உதவ ஓடி வந்தார். மறுமுனையில் இருந்தது மாப்பிள்ளையின் தாய்மாமா. டி.வி.யைப் பார்த்துவிட்டுப் பதறி, இது உள்ளதுதானா என்று விசாரிக்கத் திற்பரப்பிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவர் காதில் விழுந்த உரையாடல் இது:

"சவத்த எடுத்தாச்சா?" என்றது றாபின்சன் அண்ணன்.

"இல்ல அண்ணே, சவம் எறுகிக் கெடக்கு."

"கிங்ஸ்லி, நீ கால் பக்கம் பிடி. மக்ளே, நீ தல பக்கம் போ."

"தொட முடியல அண்ணே, சூடு இன்னும் ஆறல."

"சூடு ஆறுகது வர வச்சுக்கிட்டு இருக்க முடியுமா? ஊரு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்கு. தூக்கு!"

"நாலு பேராவது வேணும். ரெண்டு பேரு தூக்குத சவம் இல்ல இது."

தாய்மாமா போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் எந்த மனிதனுக்குச் சாட்சி வேண்டும்?

ரேக் நகரவில்லை. பொறுமை இழந்து, கையை உள்ளே விட்டு இரண்டாவது கம்ப்யூட்டரின் பவரை அணைத்தேன். பெட்டிக்குள் மறுபடி ஒரு "டிக்." மூன்றாவது விழித்துக்கொண்டது. இரண்டாவதின் ஒரு புள்ளி குறையாத பிரதி அல்லவா? பெரியப்பா போய்ப் பெரியப்பா வந்தார். "படம் கொஞ்சங்கூட ஆடல பாத்தியளா" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது.

கடைசியில் வெளியே போகும் கேபிளையே உருவிவிட்டேன். ஊர் முழுக்கத் திரையில் வெறும் புள்ளிகள். பிறகு கேள்விப்பட்டேன், அது எங்கள் தெருவில் பெரிய மரியாதையாகப் பேசப்பட்டதாம். "மந்திரி செத்ததுக்குக்கூட நிறுத்தாத சேனல, தாணுமாலயன் போனதுக்கு நிறுத்திப்போட்டான் பாத்தியா."

அந்த இடைவெளியில் எப்படியோ மூன்றாவதில் கீபோர்டை மாட்டி, போட்டோவை நீக்கி, கொட்டை எழுத்தில் மறுப்பு அடித்தேன். முந்தைய அறிவிப்பு தவறு, அவர் நலமாக இருக்கிறார். கேபிளைச் சொருகினேன். மரண அறிவிப்பு போட்டோ மாதிரி சேமித்த படம், அதனால் எழுத்து முத்து முத்தாக வந்தது. மறுப்பு அப்போது அடித்த எழுத்து, அதற்குத் தமிழ் ஃபான்ட் வேண்டும். ஃபான்ட் முதல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. பெரியப்பா உயிரோடு இருக்கும் செய்தி கமாவும் அடைப்புக்குறியும் இங்கிலீஷ் எழுத்துமாகக் கலைந்து, யாரோ கீபோர்டின்மேல் விழுந்து அழுத மாதிரி திரையில் ஓடியது.

இனி வாயால் சொல்வதுதான் வழி என்று ஸ்டூடியோ கேமராவை ஆன் செய்து அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். கைகூப்பினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. முடித்துவிட்டு எழுந்தபோதுதான் காலில் தட்டியது, ரேக்கை இழுத்த இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்த மைக் வயர்.

ஆக, இறந்தவரின் தம்பி மகள் திரையில் தோன்றிக் கைகூப்பி, உதடு துடிக்க, ஒரு சொல்லும் வெளியே வராமல் அழுதுவிட்டுப் போனதை மூன்று தாலுகாவில் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். லேண்ட்லைன் எங்கேஜ்டு. அப்பாவின் செல்போனை எடுத்தது அடுத்த தெரு மாமா ஒருவர்.

"மாமா, அந்த மரண அறிவிப்ப நாந்தான் போட்டேன்."

"பாத்தோம் மக்ளே. ஒனக்க கையாலயே போட வேண்டியதாப் போச்சே. பதறாத, பைய வா."

"மாமா, அது டெஸ்ட்!"

"என்ன டெஸ்ட் எடுத்து என்ன மக்ளே, ஆயுசு முடிஞ்சா போவ வேண்டியதுதானே."

பெரியப்பா வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவும் கதவைத் திறந்ததும் முடிந்திருக்கும். அவர் அன்று காலையிலேயே, கல்யாணப் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கிவர சுசீந்திரத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். போன இடத்தில் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று ஊரே முடிவு செய்தது. அம்மா மட்டும் கொஞ்ச நேரம் நம்ப மறுத்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி, "எக்கா, வேற யாரும் போட்டிருந்தா சந்தேகப்படலாம். ஒங்க மக வேல செய்யுத டி.வி.யில பொய் வருமா?" என்று கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பந்தல் ஏற்கெனவே போட்டிருந்தது. வந்தவர்கள் அதன் கீழேயே உட்கார்ந்தார்கள். வாசலில் கட்டியிருந்த குலைவாழை இரண்டையும் யாரோ பொறுப்பானவர் வெட்டிச் சாய்த்துவிட்டார். சுபா அக்கா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியப்பாவுக்காக அழுதாள், மஸ்கட்டுக்காகவும் அழுதாள் என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார். தூரத்திலிருந்தே தம்பி வீட்டு வாசலில் கூட்டத்தையும் சாய்ந்து கிடந்த வாழையையும் பார்த்திருக்கிறார். கையிலிருந்த பிரசாதத்தைப் போட்டுவிட்டு, "எலே தம்பி, என்ன விட்டுட்டுப் போய்ட்டியாலே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் குரலைக் கேட்டு, "அண்ணே!" என்று கதறிக்கொண்டு அப்பா வெளியே ஓடினார். செத்துப்போனதாக ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கேட்டில் முட்டிக்கொண்டு கீழே விழுந்தார்கள்.

இதில் எதையும் நான் பார்க்கவில்லை. கண்ட்ரோல் ரூமில், நீலத் திரை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்து, பழைய படம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. ஆபரேட்டர்கள் பழம்பொரியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். திருவட்டாறுக்காரர், தங்கள் ஊருக்கும் இதேபோல் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பெரியப்பா பஸ் இறங்குவதற்கு முன்பே திற்பரப்பிலிருந்து ஆள் வந்து போயிருந்தது. கல்யாணம் இந்த லீவில் நடக்காது என்பதுதான் செய்தி. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ஒனக்கு வேற போட்டோவே கெடைக்கலியா டீ?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் படித்தது, பேசியது, ஊருக்கு விளக்கியது எல்லாம் சேர்ந்து, ஒருத்தியின் இரண்டு வருடத்தையோ அதற்கு மேலோ தின்றுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஸ்டாண்ட்பையும் இல்லை.

பெரியப்பாதான் எழுந்தார். "ஜீப்பக் கூப்புடு. நான் திற்பரப்புக்குப் போறேன். ஏட்டி, நீயும் ஏறு. கொலைகாரிய நேருல பாக்கட்டு."

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் தாய்மாமா பெரியப்பாவைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"சவம் சூடு ஆறலன்னு எனக்க காதால கேட்டேனே!"

"அது கம்ப்யூட்டரு, ஓய். எனக்க சூட்ட இப்பப் பாரும்" என்று பெரியப்பா கையை நீட்டினார். தாய்மாமா உண்மையிலேயே தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் தொட்டுப் பார்த்தார்.

"ஆளு இருக்காரு, செரி. புலை இல்ல, அதும் செரி" என்றார் தாய்மாமா. "ஆனா தாலி கட்டப்போற வீட்டுல ஊரு கூடி ஒப்பாரி வச்சாச்சே. வாழைய வெட்டியாச்சே. அபசகுனம் இல்லியா?"

நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா நிதானமாகத் திண்ணையில் உட்கார்ந்தார். நெரிசலான பஸ்ஸில், இருக்கிற இடத்துக்கு மேல் பத்துப் பேரை ஏற்றத் தெரிந்த மனிதர்.

"சம்மந்தியாரே, பொய்ச்சாவு கேட்டா ஆயுசு கூடும்னு சொல்லுவாவளா, மாட்டாவளா?"

"சொல்லுவாவ."

"கல்யாணத்துக்கு முந்தி பெண்ணு வீட்டுப் பெரியவனுக்கு ஆயுசு கூடியிருக்கு. அபசகுனம்னு சொல்லுதீரு. ஒமக்குப் பொறாமையா இருந்தா ஒரு போட்டோ குடும். இந்தப் பிள்ள நாளைக்கே ஒம்மையும் போட்டுரும்."

தாய்மாமா என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான பயம் இருந்தது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசாதவர், மெதுவாகச் சொன்னார்: "மாமா, எனக்கு லீவு தீருது."

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. ஆனால் அதை அக்காவின் கல்யாணம் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. பாதிப் பேர் துக்கம் கேட்கும் முகத்தோடு வந்தார்கள். மண்டபத்து வாசலிலேயே பெரியப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள், பார்க்கிறவர்கள் பார்த்துத் தெளியட்டும் என்று. வரிசை அவரிடம்தான் நீண்டது. ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறார்கள். என்னை மைக் செட் பக்கம் போகவிடாமல் ஒரு மாமா காவல் நின்றார். தாலி கட்டும்போது கரண்ட் போனது. எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மஸ்கட்டிலிருந்து என்னிடம் பேச ஆறு மாதம் ஆனது. நான் வேலை மாறிப் பெங்களூருக்குப் போய்விட்டேன். அங்கே இதே வேலைதான் செய்கிறேன். என்ன செய்கிறேன் என்று வீட்டில் சொல்வதில்லை.

பெரியப்பா மட்டும் அந்த வியாழக்கிழமையை விடவே இல்லை. தான் செத்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவருக்குக் கிடைத்தது. விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டார். நெய்யாற்றங்கரையிலிருந்து டாக்சி பிடித்து வந்த, அவரோடு பஸ்ஸில் வேலை பார்த்த பழைய டிரைவருக்கு இன்றும் வருடந்தோறும் ஒரு குலை ஏத்தன் வாழைப்பழம் போகிறது. டி.வி.யில் பார்த்தும், "சாயங்காலந்தானே எடுக்காவ" என்று மத்தியானத் தூக்கத்தை முடித்துவிட்டு வரலாமென்றிருந்த மைத்துனரோடு பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. குடும்பத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், எதிரே வருகிறவர்களை நிறுத்தி அவர் கேட்பது ஒன்றுதான்: "நான் செத்ததுக்கு நீ வந்தியா?" அன்றைக்குப் பிறந்தே இராத பேரப்பிள்ளைகள்கூட இப்போது "வந்தேன் தாத்தா" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் கூப்பிட்டார்.

"ஏட்டி, திற்பரப்புல இருந்து ஆளு வந்தான். நெய்யாற்றங்கரைல இருந்து டாக்சி பிடிச்சு வந்தான். ஒனக்க ஆபீசுல இருந்து நம்ம வீடு எவ்வளவு தூரம்? நான் செத்ததுக்கு நீ வந்தியா?"

"பெரியப்பா, நாந்தானே அங்க..."

"கொன்னது நீதான்னு எனக்குத் தெரியும். வந்தியான்னுல்லா கேக்கேன்."